குளிர் அறை வேலைக்கு யார் ஜாமீன்?



சேலம், நாமக்கல் பகுதிகளில் வியாபாரம் செய்யும் நமக்குக் குளிர்சாதன வசதி ஆடம்பரம் என்ற காலம் போய்விட்டது. ஜவுளிக்கடைக்கும் நகைக்கடைக்கும் ஏ.சி. இல்லாவிட்டால் கோடையில் வாடிக்கையாளர் படியேறத் தயங்குகிறார். வாழைக்காய் மண்டி வைத்திருப்பவருக்குப் பழுக்க வைக்கும் அறை வேண்டும். வெண்ணெய், ஐஸ்கிரீம் மொத்த வியாபாரிக்கு உறைகுளிர் அறை வேண்டும். நாமக்கல் பக்கம் சில கோழிப்பண்ணைகளில் கொட்டகையையே நான்கு புறமும் அடைத்து, ஒரு பக்கம் ஈரத்தட்டிகளும் மறுபக்கம் பெரிய மின்விசிறிகளும் வைத்துக் குளிரூட்டுகிறார்கள். குஞ்சு பொரிப்பகத்திற்கு இதற்கு நேர்மாறாக, அளவு தவறாத வெப்பம் வேண்டும்.

இந்த வேலைகளுக்கெல்லாம் லட்சக்கணக்கில் செலவாகிறது. ஆனால் நம்மில் பலர் இவற்றை எப்படி ஒப்படைக்கிறோம்? ஒரே தாளில் கொட்டேஷன் வாங்குகிறோம். பாதிப் பணத்தை முன்பணமாகக் கொடுக்கிறோம். மிஷின் வந்து இறங்கியதும் மீதியைக் கொடுத்துக் கணக்கை முடித்துவிடுகிறோம். மார்கழி, தையில் எல்லா மிஷினும் நன்றாகத்தான் குளிர்விக்கும். சித்திரை பிறந்து அக்னி நட்சத்திரம் தொடங்கியதும்தான் வேலையின் தரம் தெரியும். அப்போது அறை குளிராமல் சரக்கு அழுகினால் ஒப்பந்தக்காரர் "உங்கள் கரண்டில் குறை, வோல்டேஜ் இல்லை" என்பார், அல்லது போனையே எடுக்கமாட்டார். அடைத்த கோழிக் கொட்டகையில் மின்விசிறிகள் நின்றால் ஒரே பகலில் கோழிகள் கூட்டமாக மடிந்துவிடும்.

ஆகவே, வேலை சரியாக நடக்கும் என்பதற்கு யார் ஜாமீன் என்ற கேள்வியை முன்பணம் கொடுக்குமுன் கேட்க வேண்டும். இந்த ஜாமீன் விஷயத்தை நம் அங்கத்தினர்கள் மூன்று வகையில் சந்திக்கிறார்கள். வேலை கொடுப்பவராக, வேலை எடுப்பவராக, இன்னொருவருக்காகக் கையெழுத்துப் போடுபவராக. மூவருக்கும் பயன்படும்படி எனக்குத் தெரிந்தவற்றை எழுதுகிறேன்.

ஜாமீன் என்றால் என்ன?

நம் நாட்டில் இதற்கு அடிப்படையாக இருப்பது 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம். அதன் 126-ஆவது பிரிவு ஜாமீன் ஒப்பந்தம் இன்னது என்று சொல்கிறது. ஒருவர் தன் வாக்கை நிறைவேற்றத் தவறினால் நான் அதை நிறைவேற்றுகிறேன், அல்லது அதற்குரிய பொறுப்பை ஏற்கிறேன் என்று மூன்றாம் நபர் ஒப்புக்கொள்வதே ஜாமீன். இதில் மூன்று பேர் உண்டு. வேலையைச் செய்யக் கடமைப்பட்டவர் ஒருவர். அந்த வேலை யாருக்குச் சேரவேண்டுமோ அவர் ஒருவர். இடையில் பொறுப்பேற்கும் ஜாமீன்தாரர் ஒருவர். குளிர் அறை வேலையில் ஒப்பந்தக்காரர் முதல்வர், கடைக்காரர் இரண்டாமவர், பாங்கியோ இன்சூரன்ஸ் கம்பெனியோ நண்பரோ மூன்றாமவர்.

ஜாமீன் எழுத்தில்தான் இருக்கவேண்டும் என்று இந்தச் சட்டம் சொல்லவில்லை. வாய்மொழியாகவும் இருக்கலாம் என்றே 126-ஆவது பிரிவு கூறுகிறது. "அவருக்குச் சரக்கு கொடுங்கள், அவர் தராவிட்டால் நான் தருகிறேன்" என்று மண்டியில் சாதாரணமாகச் சொல்கிறோமே, சாட்சி இருந்தால் அதுவும் ஜாமீன்தான். "இதில் எனக்கு ஒரு பைசா லாபமில்லை, நட்புக்காகச் சொன்னேன்" என்று தப்பிக்கவும் வழியில்லை. கடமைப்பட்டவருக்கு நன்மை கிடைத்திருந்தாலே போதும், ஜாமீன் செல்லும் என்கிறது 127-ஆவது பிரிவு.

இன்சூரன்ஸ் வேறு, ஜாமீன் வேறு

இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் பலர். கடைக்குத் தீ இன்சூரன்ஸ் எடுத்தால் நமக்கும் கம்பெனிக்கும் மட்டுமே ஒப்பந்தம். தீப்பிடித்தால் கம்பெனி பணம் தரும், அந்தப் பணத்தை நம்மிடம் திருப்பிக் கேட்காது. பலரிடம் வசூலித்த பிரீமியத்திலிருந்து சிலருடைய நஷ்டத்தை ஈடுசெய்வது அதன் முறை.

ஜாமீன் அப்படியல்ல. ஒப்பந்தக்காரர் தவறி, ஜாமீன்தாரர் கடைக்காரருக்குப் பணம் கொடுத்தால், அந்தப் பணம் முழுவதையும் ஒப்பந்தக்காரரிடமிருந்து வசூலிக்க ஜாமீன்தாரருக்கு உரிமை உண்டு. 145-ஆவது பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. ஆகவே ஒப்பந்தக்காரர் செலுத்தும் கமிஷனோ பிரீமியமோ அவருடைய நஷ்டத்துக்குக் காப்பு அல்ல. அவருடைய பெயருக்குப் பின்னால் ஒரு நிறுவனம் நிற்பதற்கான கூலி அது. பாதுகாப்பு கடைக்காரருக்கு, பொறுப்பு கடைசிவரை ஒப்பந்தக்காரருக்கு.

வெளிநாட்டில் எப்படி?

அமெரிக்காவில் பொது வேலைகளுக்கு ஜாமீன் கேட்பது நூறாண்டுக்கு மேலான பழக்கம். அரசுக் கட்டடத்தை யாரும் ஜப்தி செய்ய முடியாது. ஒப்பந்தக்காரர் ஓடிப்போனால் சரக்குக் கொடுத்த வியாபாரியும் கூலிக்காரரும் ஏமாந்து நிற்க வேண்டியதுதான். இதற்காக 1894-ல் ஹெர்டு சட்டமும், அதற்குப் பதிலாக 1935-ல் மில்லர் சட்டமும் வந்தன. மத்திய அரசின் பெரிய கட்டட வேலை எடுப்பவர் இரண்டு பத்திரங்கள் தரவேண்டும். வேலையை முடிப்பதற்கு ஒன்று. பொருள் கொடுத்தவர்களுக்கும் வேலையாட்களுக்கும் பணம் தருவதற்கு ஒன்று.

தனியார் வேலைக்கும் சில மாநிலங்களில் கட்டுப்பாடு உண்டு. கலிபோர்னியாவில் வெப்ப, குளிர்சாதன வேலை செய்பவருக்கு 'சி-20' என்ற தனி உரிமம் இருக்கிறது. உரிமம் வேண்டுமானால் ஜாமீன் பத்திரம் கட்டியாக வேண்டும். 2023 ஜனவரி 1 முதல் அந்தத் தொகை 15,000 டாலரிலிருந்து 25,000 டாலராக உயர்ந்தது. ஒப்பந்தக்காரர் சட்டத்தை மீறிப் பாதிப்பு ஏற்படுத்தினால் வீட்டுக்காரர் அந்தப் பத்திரத்தின் பேரில் பணம் கேட்கலாம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 25,000 டாலர் என்பது ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனித்தனியாக அல்ல. எல்லாருக்கும் சேர்த்தே அவ்வளவுதான். பத்துப் பேர் பாதிக்கப்பட்டால் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். இது தெரிந்துதான் அங்கே முன்பணத்துக்கும் வரம்பு கட்டியிருக்கிறார்கள். வீட்டுச் சீரமைப்பு வேலைக்கு மொத்தத் தொகையில் 10 சதவீதம் அல்லது 1,000 டாலர், இரண்டில் எது குறைவோ அதற்கு மேல் பொதுவாக முன்பணம் வாங்கக்கூடாது. ஜாமீன் கட்டிய ஒப்பந்தக்காரருக்கே அங்கு இந்தக் கட்டுப்பாடு. நாமோ எந்த ஜாமீனும் இல்லாதவரிடம் பாதிப் பணத்தை முதல் நாளே எடுத்துக் கொடுக்கிறோம்.

நம் நாட்டில் நிலைமை

நம் ஊரில் ஏ.சி., குளிர் அறை வேலை செய்பவர் தொழில் தொடங்குவதற்காக அரசிடம் ஜாமீன் பத்திரம் கட்டவேண்டும் என்ற விதி இல்லை. மின் இணைப்பு வேலைக்குத் தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர் வேண்டும். அது அவருடைய தகுதிக்குச் சான்று. உங்கள் பணத்துக்கு ஜாமீன் அல்ல. ஜி.எஸ்.டி. எண்ணும் அப்படியே. வரி கட்டப் பதிவு செய்தவர் என்பதைத்தான் அது காட்டுகிறது.

"நுகர்வோர் நீதிமன்றம் இருக்கிறதே" என்று சிலர் சொல்லலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், வியாபார நோக்கத்துக்காகப் பொருளோ சேவையோ பெறுபவர் நுகர்வோர் ஆகமாட்டார். சொந்த உழைப்பால் பிழைப்பு நடத்துவதற்காக வாங்குபவருக்கு மட்டும் விலக்கு உண்டு. நாலு பேரை வேலைக்கு வைத்து மண்டி நடத்துபவர் அந்த விலக்கைப் பெறுவது கடினம். அவருக்கு மிஞ்சுவது சிவில் வழக்குதான். அதற்கு ஆகும் காலத்தை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எனவே சட்டம் கேட்காத ஜாமீனை ஒப்பந்தத்தில் நாமேதான் கேட்டு வாங்க வேண்டும். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்ததும் இதுதான்.

பாங்கி உத்தரவாதம்

நமக்குப் பழக்கமான முறை பாங்கி உத்தரவாதம். ஒப்பந்தக்காரர் கேட்டுக்கொண்டதன் பேரில் அவருடைய பாங்கி நமக்கு ஒரு பத்திரம் கொடுக்கிறது. குறிப்பிட்ட தேதிக்குள், குறிப்பிட்ட தொகைவரை, நாம் எழுத்தில் கேட்டால் பணம் தருவதாக அதில் ஒப்புக்கொள்கிறது. இதற்காக ஒப்பந்தக்காரர் ஒரு பகுதியை மார்ஜின் பணமாகப் பாங்கியில் போட்டு வைக்க வேண்டும், ஆண்டுக் கமிஷனும் கட்ட வேண்டும்.

"கேட்டவுடன், ஆட்சேபணையின்றி, நிபந்தனையின்றி" என்ற வார்த்தைகள் பத்திரத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். அவை இருந்தால் ஒப்பந்தக்காரருக்கும் நமக்கும் உள்ள தகராறு பாங்கியைக் கட்டுப்படுத்தாது. உச்ச நீதிமன்றம் 1987-ல் உத்தரப் பிரதேசக் கூட்டுறவு சம்மேளன வழக்கில் இதை உறுதிப்படுத்தியது. பெரிய மோசடியோ, பிறகு ஈடுசெய்யவே முடியாத அநீதியோ இருந்தாலன்றி, பாங்கி உத்தரவாதப் பணம் வழங்குவதை நீதிமன்றங்கள் தடுக்கக்கூடாது என்பதே சட்டத்தின் நிலை. அதற்கு மாறாக, "ஒப்பந்தக்காரர் தவறியது நிரூபிக்கப்பட்டால் தருவோம்" என்று எழுதியிருந்தால், முதலில் நிரூபித்துவிட்டு வாருங்கள் என்று பாங்கி சொல்லிவிடலாம்.

இரண்டாவதாகத் தேதியைப் பாருங்கள். ஜூன் 30-ல் முடியும் பத்திரத்துக்கு ஜூலை 2-ல் கடிதம் போய்ச் சேர்ந்தால் பயனில்லை. காலம் முடிய ஒரு மாதம் இருக்கும்போதே, தேவைப்பட்டால் நீட்டித்துத் தரும்படி கேளுங்கள். நீட்டிக்காவிட்டால் கெடுவுக்குள் பணத்தைக் கேட்டுக் கடிதம் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாக, பத்திரம் உண்மைதானா என்று அதைக் கொடுத்த கிளைக்கு நேரில் சென்றோ, நீங்களே கடிதம் எழுதியோ உறுதி செய்யுங்கள். ஒப்பந்தக்காரர் கையில் கொண்டுவந்து தரும் உறுதிக் கடிதத்தை நம்பக்கூடாது. 2022 முதல் மின்னணு பாங்கி உத்தரவாத முறையும் வந்திருக்கிறது. போலிப் பத்திரத்தைத் தவிர்க்க அது நல்ல வழி.

இன்சூரன்ஸ் கம்பெனி ஜாமீன்

அண்மைக் காலத்தில் வந்த மாற்றம் இது. பாங்கி உத்தரவாதம் எடுத்தால் ஒப்பந்தக்காரரின் கடன் வரம்பு அந்த அளவுக்கு முடங்கிவிடுகிறது, மார்ஜின் பணமும் அடைபடுகிறது. இதைக் குறைக்க 2022-23 மத்திய பட்ஜெட்டில், அரசுக் கொள்முதலில் பாங்கி உத்தரவாதத்துக்குப் பதில் இன்சூரன்ஸ் ஜாமீன் பத்திரத்தை ஏற்கலாம் என்று அறிவித்தார்கள். இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் வழிகாட்டுதல்கள் 2022 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தன. அதே ஆண்டு டிசம்பரில் பஜாஜ் அலையன்ஸ் கம்பெனியின் ஜாமீன் பாலிசியை மத்திய அமைச்சர் நிதின் கட்கரி வெளியிட்டார். நாட்டில் இவ்வகையில் அதுவே முதலாவது.

டெண்டர் போடுவதற்கு, முன்பணம் பெறுவதற்கு, வேலையை முடிப்பதற்கு, பிடித்தம் செய்த பணத்தை விடுவிப்பதற்கு என்று தனித்தனிப் பத்திரங்கள் எடுக்க வழிகாட்டுதல்களில் இடமுண்டு. ஒப்பந்தக்காரரின் கணக்கு வழக்கு, கையில் உள்ள வேலைகள், முன்பு முடித்த வேலைகள் எல்லாவற்றையும் கம்பெனி பார்க்கும். பெயர் இன்சூரன்ஸ் என்றிருந்தாலும், முன்பு சொன்னபடி, கம்பெனி கொடுத்த பணத்தை ஒப்பந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளும். அதை மறந்து, "பிரீமியம் கட்டிவிட்டேன், இனி எனக்கென்ன" என்று இருந்துவிடக் கூடாது.

வேலை கொடுப்பவர் செய்ய வேண்டியது

எந்த ஜாமீனும் ஒப்பந்தத்தில் எழுதியதற்கு மட்டுமே பொறுப்பு. "நல்லமுறையில் குளிர் அறை அமைத்துத் தரவேண்டும்" என்று எழுதினால், நல்லமுறை எது என்று சண்டை போடலாமே தவிரப் பணம் கேட்க முடியாது. அளந்து பார்க்கக்கூடியதை எழுத வேண்டும். உதாரணமாக, வெளியே 42 டிகிரி வெயிலில், இத்தனை டன் வாழைக்காய் ஏற்றிய அறை, இத்தனை மணி நேரத்துக்குள் 14 டிகிரிக்கு வந்து அதிலேயே நிற்கவேண்டும் என்று எழுதலாம். வாழைக்கு 13 டிகிரிக்குக் கீழே போனால் தோல் கறுத்துவிடும். ஆகவே கீழ் அளவையும் குறிக்க வேண்டும். ஐஸ்கிரீம் அறைக்கு மைனஸ் 18 டிகிரியோ அதற்குக் கீழோ எழுத வேண்டும். தடுப்புப் பலகையின் கனம் எத்தனை மில்லிமீட்டர், கம்ப்ரசர் எந்தக் கம்பெனி, எத்தனை டன் திறன், எந்தக் கேஸ், எவ்வளவு வோல்டேஜ் வரை ஓடும் என்பனவும் வேண்டும். வோல்டேஜ் எல்லையை எழுதிவிட்டால் பிறகு கரண்டின் மேல் பழிபோட முடியாது.

பணம் கொடுப்பதையும் தவணையாகப் பிரித்து எழுதுங்கள். ரூ.12 லட்சம் வேலை என்று வைத்துக்கொள்வோம்.

1. ஒப்பந்தம் கையெழுத்தானதும் 30 சதவீதம், ரூ.3,60,000. இதற்கு முன்பண உத்தரவாதம் வாங்க வேண்டும்.
2. பலகையும் மிஷினும் நம் இடத்தில் வந்து இறங்கியதும் 40 சதவீதம், ரூ.4,80,000.
3. பொருத்தி ஓட்டிக் காட்டியதும் 20 சதவீதம், ரூ.2,40,000.
4. மீதி 10 சதவீதம், ரூ.1,20,000. ஒரு அக்னி நட்சத்திரம் முழுவதும் ஓடி முடிந்த பிறகு.

கடைசி இனத்தைப் பிடித்தப் பணம் என்பார்கள். எல்லா ஜாமீனிலும் மலிவானது இதுவே. ஏனென்றால் பணம் நம் கையில் இருக்கிறது. ஒப்பந்தக்காரர் தமக்கு அந்தப் பணம் இப்போதே வேண்டும் என்றால், அதே தொகைக்குப் பாங்கி உத்தரவாதம் கொடுத்துவிட்டு வாங்கிக்கொள்ளட்டும். கமிஷன் ஆண்டுக்கு 2 சதவீதம், மார்ஜின் 25 சதவீதம் என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால், 15 மாதத்துக்குக் கமிஷன் ரூ.3,000, மார்ஜின் ரூ.30,000. அவருக்கு ரூ.90,000 புழக்கத்துக்குக் கிடைக்கிறது. நமக்கும் பயமில்லை. அந்த ரூ.3,000-ஐ விலையில் சேர்த்துக் கேட்டால்கூடக் கொடுத்துவிடலாம். ஒரு லோடு சரக்கு அழுகும் நஷ்டத்தோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமில்லை.

இன்னொன்று மிக முக்கியம். வேலை நடக்கும்போது, "இன்னொரு அறையும் சேர்த்துப் போடு", "மிஷினை மாற்றிப் போடு" என்று நாமும் ஒப்பந்தக்காரரும் பேசி மாற்றிக்கொள்கிறோம். ஜாமீன்தாரரின் சம்மதமில்லாமல் ஒப்பந்தத்தை மாற்றினால், அதன் பிறகு நடப்பவற்றுக்கு அவர் பொறுப்பல்ல என்கிறது 133-ஆவது பிரிவு. அவரைக் கேளாமல் ஒப்பந்தக்காரருக்குக் கெடு நீட்டித்துத் தர ஒப்புக்கொண்டாலும் ஜாமீன் விடுபட்டுவிடும் என்கிறது 135-ஆவது பிரிவு. ஆகவே எந்த மாற்றமானாலும் ஜாமீன் கொடுத்தவருக்கு எழுதி, ஒப்புதல் கடிதம் வாங்கிய பிறகே செய்யுங்கள்.

அதே சமயம், கையில் உத்தரவாதம் இருக்கிறது என்பதற்காக நியாயமாக வேலை செய்தவரை மிரட்டக் கூடாது. தவறாகப் பணத்தை எடுத்தால் அவர் வழக்குப் போட்டுத் திரும்பப் பெற முடியும். அதைவிடப் பெரிய நஷ்டம், அடுத்த முறை நல்ல வேலைக்காரர் யாரும் நம் கடைக்கு வரமாட்டார்.

சிறிய ஒப்பந்தக்காரரானால்

நம் ஊரில் நல்ல வேலை தெரிந்த பலர் சிறிய முதலில் தொழில் செய்பவர்கள். அவர்களால் பாங்கி உத்தரவாதம் தர முடியாது. அதற்காக அவர்களை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. முன்பணத்தைக் குறைத்து, மிஷினை நாமே நம் பெயரில் கம்பெனியிடம் வாங்கிக் கொடுக்கலாம். அப்போது பில்லும் வாரண்டியும் நம் பெயரில் இருக்கும், அவருக்குக் கூலி மட்டும் தந்தால் போதும். பிடித்தப் பணத்தை வைத்துக்கொள்ளலாம். அல்லது அவருடைய வைப்புத்தொகை ரசீதை நம் பெயருக்குப் பாங்கியில் ஈடாகக் குறித்துத் தரச் சொல்லலாம்.

பின்தேதியிட்ட செக்கை ஜாமீனாக வாங்கும் வழக்கம் உண்டு. அது பாங்கி உத்தரவாதத்துக்கு ஈடாகாது. கணக்கில் பணமில்லாமல் திரும்பினால் 1881-ஆம் ஆண்டு செலாவணி முறிச் சட்டத்தின் 138-ஆவது பிரிவில் வழக்குப் போடலாம்தான். ஆனால் செக்கைத் தேதியிலிருந்து 3 மாதத்துக்குள் போடவேண்டும். திரும்பிய தகவல் வந்த 30 நாளில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். 15 நாள் அவகாசம் தரவேண்டும். பிறகு கோர்ட்டு. சட்டப்படி வசூலிக்கத்தக்க கடன் இருக்கிறதா என்ற வாதமும் வரும்.

வேலை எடுப்பவர் கவனத்துக்கு

நம் அங்கத்தினர்களில் ஏ.சி. விற்பனையோடு அரசு டெண்டர் எடுப்பவர்களும் உண்டு. தமிழ்நாட்டில் அரசு டெண்டர்களுக்கு 1998-ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டமும் 2000-ஆம் ஆண்டு விதிகளும் பொருந்தும். மத்திய அரசுக் கொள்முதலுக்கு 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகள். அவற்றின் 170-ஆவது விதிப்படி டெண்டர் முன்வைப்புத் தொகை பொதுவாக மதிப்பீட்டில் 2 முதல் 5 சதவீதம். சிறு, குறு தொழில் நிறுவனங்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் எந்த வகை வேலைக்கு அந்த விலக்கு என்பதை ஒவ்வொரு டெண்டரிலும் படித்துப் பார்க்க வேண்டும். வேலை கிடைத்த பிறகு தரும் ஜாமீன், வாரண்டி உட்பட எல்லாக் கடமையும் முடிந்து 60 நாள்வரை செல்லுபடியாக இருக்கவேண்டும் என்கிறது 171-ஆவது விதி.

இரண்டு ஆண்டு வாரண்டி என்றால் உங்கள் மார்ஜின் பணம் இரண்டு ஆண்டுக்கு மேல் அடைபட்டிருக்கும். விலை போடும்போது இந்த முடக்கத்துக்கான வட்டியையும் கமிஷனையும் சேர்க்காமல் குறைந்த விலைக்கு எடுத்துவிட்டு, நான்கைந்து வேலைகளில் பணம் அடைபட்டுத் தவிப்பவர்கள் இருக்கிறார்கள். வேலை முடிந்ததும் மூலப் பத்திரத்தைத் திரும்ப வாங்கிப் பாங்கியில் ஒப்படைத்து மார்ஜினை விடுவிப்பதையும் மறக்கக் கூடாது.

கையெழுத்துப் போடுமுன்

கடைசியாக, உறவுக்காகவும் நட்புக்காகவும் ஜாமீன் கையெழுத்துப் போடுபவர்களுக்கு. ஒப்பந்தக்காரருக்குக் கடனோ உத்தரவாதமோ தரும்போது பாங்கி பெரும்பாலும் தனிநபர் ஜாமீன் கேட்கும். "சும்மா ஒரு கையெழுத்துத்தானே மாமா" என்று தாளை நீட்டுவார்கள்.

128-ஆவது பிரிவைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வேறுவிதமாக எழுதிக்கொண்டாலன்றி, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமமானது. முதலில் அவரிடம் கேட்டுவிட்டுப் பிறகு என்னிடம் வாருங்கள் என்று சொல்ல முடியாது. பாங்க் ஆஃப் பீகார் வழக்கில் 1968-ல் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. கடனாளியிடம் வசூலிக்கும் வழிகளையெல்லாம் முயன்று தீர்த்த பிறகே ஜாமீன்தாரரிடம் வரவேண்டும் என்றால் ஜாமீனுக்கே அர்த்தமில்லை என்பது அதன் கருத்து. கம்பெனிக்காகத் தனிநபராக ஜாமீன் நின்றவர்கள், கம்பெனியின் திவால் நடவடிக்கை முடிந்தாலும் தானாக விடுபடுவதில்லை என்று 2021-ல் லலித் குமார் ஜெயின் வழக்கில் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

இரண்டு பேர் சேர்ந்து கையெழுத்திட்டால் பாதிப் பாதிதானே என்பதும் தவறு. கூட்டாகவும் தனியாகவும் பொறுப்பு என்று எழுதியிருந்தால் பாங்கி முழுப் பணத்தையும் ஒருவரிடமே வசூலிக்கலாம். மற்றவரிடம் பாதியைக் கேட்டு வாங்குவது கொடுத்தவருடைய பாடு.

ஆகவே போட்டுத்தான் தீரவேண்டும் என்றால் தொகைக்கு உச்ச வரம்பு எழுதுங்கள். முடியும் தேதி எழுதுங்கள். தொடர் ஜாமீனா, ஒரே கடனுக்கா என்று பாருங்கள். தொடர் ஜாமீனானால், இனி வரப்போகும் கொடுக்கல் வாங்கலுக்கு நான் பொறுப்பல்ல என்று எப்போது வேண்டுமானாலும் நோட்டீஸ் கொடுக்க 130-ஆவது பிரிவில் இடமுண்டு. முன்பு நடந்தவற்றுக்குப் பொறுப்பு தொடரும். மேலே சொன்ன 133, 135 பிரிவுகளின் பாதுகாப்பை விட்டுக்கொடுப்பதாகப் பாங்கிப் படிவத்தில் பெரும்பாலும் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். அதையும் படியுங்கள். கையெழுத்திட்ட பத்திரத்தின் நகலை வாங்கி வீட்டில் உள்ளவர்களுக்குக் காட்டி வையுங்கள். நமக்குப் பின் அவர்கள் தெரியாமல் திண்டாடக் கூடாது.

நமது சங்கத்துக்கு ஒரு யோசனை சொல்லி முடிக்கிறேன். குளிர் அறை, ஏ.சி. வேலைகளுக்கு ஒரு மாதிரி ஒப்பந்தப் படிவத்தையும், பாங்கி உத்தரவாத வாசகத்தையும் வழக்கறிஞரைக் கொண்டு தமிழில் தயாரித்து, அச்சிட்டு, அங்கத்தினர்களுக்கு அடக்க விலையில் கொடுக்கலாம். ஒருவர் மட்டும் ஜாமீன் கேட்டால் ஒப்பந்தக்காரர் "மற்றவர்கள் யாரும் கேட்பதில்லையே" என்பார். எல்லாரும் ஒரே படிவத்தை நீட்டினால் அதுவே நாளடைவில் வழக்கமாகிவிடும். நேர்மையாக வேலை செய்யும் ஒப்பந்தக்காரர்களுக்கும் அது நல்லதே. அடுத்த கோடைக்கு வேலை கொடுக்க இருப்பவர்கள் இப்போதே படிவத்தோடு தொடங்கலாம்.